பசை மடிப்பில் இரண்டு கோடு

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கடை. கண்ணாடி மேசை மேல் ஓர் அட்டைப்பெட்டி. நான் கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்க்கிறேன். மேலே ஃபேன் ஓடுகிறது, காற்று மட்டும் வரவில்லை.

பெட்டியின் முகப்பில் இரும்புக் கவசம் போட்ட ராட்சதன் ஒருவன் வாளோடு நிற்கிறான். உள்ளே இருப்பது கிராபிக்ஸ் கார்டு. என் முதல் கம்ப்யூட்டருக்கு வாங்க வேண்டிய சாமான்களில் கடைசிச் சாமான், அதிக விலையுள்ள சாமான்.

"என்னக்கா, நகைக்கடையில வைரம் பாக்குற மாதிரி பாக்குறீக?" என்று கடைக்காரர் சிரித்தார்.

நான் லென்ஸை நகர்த்தினேன். அச்சுப் புள்ளிகள் சுத்தமாக இருந்தன. நான்கு கலரும் மயிரிழை விலகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. கறுப்பு எழுத்தின் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கவில்லை. வார்னிஷ் ஒரே சீராக ஓடியிருந்தது. ஒரிஜினல்தான் என்று முடிவு செய்தேன். டூப்ளிகேட் போடுகிறவன் இவ்வளவு சுத்தமாகப் போட மாட்டான்.

அந்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. யார் மேல் எரிச்சல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

லென்ஸ்

சிவகாசிக்குப் பக்கத்தில் திருத்தங்கலில் ஓர் அச்சாபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைப்பது என் வேலை. புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்புப் பெட்டிகள், அப்புறம் காலண்டர், கல்யாணப் பத்திரிகை. வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அட்டையைத்தான் பார்ப்போம். பிஸ்கட் பாக்கெட்டில் மஞ்சள் விலகியிருந்தால் பிஸ்கட்டே நமத்துப்போனது போலத் தோன்றும். பெண் பார்க்க வந்த வீட்டில் காலண்டரைத் திருப்பி எந்த அச்சாபீஸ் என்று பார்த்த மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அதை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். சீசன் இல்லாத மாதங்களில் சில ஆர்டர்கள் வரும். சோப்பு உறை, பவுடர் டப்பா லேபிள், தலைவலித் தைலம். ஒரிஜினலைக் கொடுத்து, "இதே மாதிரி" என்பார்கள். அது அந்தக் கம்பெனி கொடுத்த ஆர்டரா, வேறு யாராவதா என்று நாங்கள் கேட்க மாட்டோம். நானே அப்படி எத்தனையோ செய்திருக்கிறேன். ஒரிஜினலையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று எனக்கே தெரியாமல் போனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

ஒருமுறை அப்படி ஒரு லேபிள் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். குழந்தைகளுக்கு வயிற்றுவலிக்குக் கொடுக்கும் மருந்து. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏ மெர்சி, இது அந்தக் கம்பெனிக்காரங்களுக்குத் தெரியுமா?"

"லேபிள்தானம்மா நாங்க போடுதோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது எங்க வேலையா?"

அம்மா தாளை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. உழைத்துச் சம்பாதிக்கிறவளைக் குற்றவாளி மாதிரிக் கேட்கிறாளே என்று கோபம்.

எனக்குத்தான்

கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். அந்தக் கடைக்காரரும் கேட்டார்.

"தம்பிக்கா, அக்கா? காலேஜ் படிக்கிறாரா?"

"தம்பி இல்ல. எனக்குத்தான்."

"டைப்பிங் வேலைக்கா? அப்ப கிராபிக்ஸ் கார்டெல்லாம் எதுக்கு? வீண் செலவுக்கா."

"விளையாடுறதுக்கு."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை அப்படியே உரித்து எடுத்து அவர் கையில் கொடுக்கலாம் போலிருந்தது.

ஆமாம், விளையாடுவதற்குத்தான். எனக்கு முன்னால் வேலை பார்த்த ஆப்பரேட்டர், அச்சாபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கார் பந்தய விளையாட்டைப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். மதிய இடைவேளையில் தயிர்சாதத்தை நாலு வாயில் விழுங்கிவிட்டு உட்காருவேன். கார் நகரும், நிற்கும், மறுபடி நகரும். அந்த லட்சணத்திலும் மலைப்பாதை வளைவில் திரும்பும்போது என் தோளும் சேர்ந்து சாயும். காலையில் வீடு, பகலில் பிரஸ், ஞாயிறு ஆராதனை என்று மூன்று இடம்தான் எனக்கு. அந்த மலைப்பாதை நாலாவது இடம்.

சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் நல்ல கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் பத்து நிமிஷத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் வந்து நின்றார்கள். "அக்கா, பிரேக் போடுங்க, பிரேக்." மூன்றாவது முறை நான் போகவில்லை. எனக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும், என் பின்னால் சுவர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"அந்தக் காசுக்கு ஒரு செயின் எடுக்கலாம்," என்றாள் அம்மா. அதற்கு மேல் தடுக்கவில்லை.

வேஸ்ட் ஷீட்டில் ஒரு பட்டியல்

கலர் விலகிப்போன புஸ்வாண லேபிள் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினேன். பிராசஸர், மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கேபினட், மானிட்டர். ஏழெட்டு மாதம் அந்தத் தாள் என் பையிலேயே இருந்தது. அடித்து அடித்து எழுதி, மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

இதையெல்லாம் எங்கே படித்தேன் என்றால், பழைய பேப்பர் குடோனில். சிவகாசிக்கு எங்கிருந்தெல்லாமோ லோடு லோடாகப் பழைய பேப்பர் வரும். அதில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளும் கிடக்கும். எடைக்கு எடை போட்டு வாங்கி வந்து, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

படித்ததில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. கையில் இருப்பது குறைவு என்றால், பிராசஸரில் ஒரு படி இறங்கி, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போட வேண்டும். விளையாட்டுக்கு அதுதான் உயிர். ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் தலைகீழாகச் சொன்னார்கள். பெரிய ஹார்ட் டிஸ்க் போடு, நல்ல ஸ்பீக்கர் போடு, டிவிடி போடு. சாமி படம் ஓடும் ஸ்கிரீன் சேவர் பற்றிக்கூட ஒருவர் யோசனை சொன்னார்.

நான் கேட்கவில்லை. ஹார்ட் டிஸ்க் சிறியது. ஸ்பீக்கர் கிடையாது, காதில் மாட்டுகிற ஹெட்போன் போதும். கேபினட் இருப்பதிலேயே மலிவானது. ஆனால் அதோடு இலவசமாக வரும் பவர் சப்ளை வேண்டாம் என்றேன். தனியாக நாலைந்தை எடுத்து வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுத்தேன். உள்ளே செம்பும் இரும்பும் இருந்தால்தானே கனம் இருக்கும்.

மானிட்டர் பிரஸ்ஸிலேயே கிடைத்தது. பெரிய கண்ணாடி மானிட்டர், சிவப்பு மங்கிப்போனதால் கலர் வேலைக்கு ஆகாது என்று ஓரமாக வைத்திருந்தார்கள். முதலாளி சும்மாவே கொடுத்துவிட்டார். இரண்டு பேர் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இவ்வளவு கசக்கிப் பிழிந்தும் கார்டுக்கு மிஞ்சியது போதவில்லை. அறுபத்து நாலு எம்.பி. கார்டுதான் கட்டுப்படியாகும். எனக்கு வேண்டியது நூற்று இருபத்தெட்டு.

திங்கட்கிழமைக் கவர்

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

நான் கிறிஸ்தவப் பெண், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டேன். அவசர ஆர்டர் இருந்தால் மற்றவர்கள் வருவார்கள். அந்தத் திங்கள் காலையில் பிரஸ்ஸுக்குள் நுழைந்தபோது முந்தின நாள் பிரியாணி வாசனை இன்னும் போகாமல் இருந்தது. கட்டிங் மெஷின் பக்கத்தில் நல்ல கனமான அட்டையின் வெட்டுத் துண்டுகள் கிடந்தன. பட்டாசுப் பெட்டிக்கு அவ்வளவு நல்ல அட்டை போட மாட்டார்கள். எக்ஸ்போர்ட் ஆர்டர் போல என்று நினைத்துக்கொண்டு என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பணம் வைத்த ஒரு கவர் கொடுத்தார்.

"நான் நேத்து வரலையேண்ணாச்சி."

"வராட்டா என்ன? எல்லாருக்கும் குடுத்தேன். ஒனக்கு மட்டும் குடுக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

நல்ல மனிதர் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பட்டியலை எடுத்து அறுபத்து நாலை அடித்து, நூற்று இருபத்தெட்டு என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். லென்ஸ் வைத்துப் பார்த்த கதை அதுதான்.

ஒன்பது நாள்

ஒன்பது நாள் நன்றாக ஓடியது. அந்த ஒன்பது நாளை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. கார் நிற்காமல் ஓடியது. ரோட்டோர மரத்தின் நிழல் கார் மேல் விழுந்து நகர்ந்தது. சிவப்பு மங்கிய மானிட்டரில் என் சிவப்புக் கார் செங்கல் நிறத்தில் தெரிந்தது. அதனால் என்ன, அது என் கார்.

பத்தாம் நாள் திரை முழுக்கப் பச்சையும் நீலமுமாக முக்கோணங்கள் தெறித்தன. அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டால் ஐந்து நிமிஷம் ஓடும், மறுபடி முக்கோணம்.

கேபினட்டைத் திறந்தேன். கார்டின் விசிறி மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் சூட்டில் ஓரம் சுருண்டிருந்தது. நகத்தால் தூக்கினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர். வேறு பெயர், வேறு எண். யாரோ ஓட்டித் தேய்த்துத் தூக்கிப் போட்ட பழைய கார்டு.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு விருதுநகர் போனேன்.

"ஸ்டிக்கரை நீங்களே பிரிச்சிட்டீகளேக்கா," என்றார் கடைக்காரர். "பிரிச்சா வாரண்டி கெடையாது."

"பிரிச்சதாலதான அடியில இருக்கிறது தெரியுது!"

"எனக்கும் மதுரையில ஒருத்தன் குடுக்கிறதுதான். சரி, பெட்டியக் கொண்டாங்க. பெட்டியில நம்பர் இருந்தா கேட்டுப் பாக்கேன். நீங்கதான் லென்ஸ் எல்லாம் வச்சுப் பாத்தீகளே!"

கடையில் இருந்த இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பொது இடத்தில் கத்தினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கிழித்த பெட்டி

வீட்டுக்கு வந்து பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அந்த ராட்சதன் அதே வாளோடு அதே அழகோடு நின்றான். பத்திரமாகக் கொண்டுபோக வேண்டிய பெட்டி. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தேன்.

பசை போட்ட மடிப்பு பிய்ந்து விரிந்தது. பெட்டியின் வெளியே தெரியாத, உள்ளே மறைந்து ஒட்டப்படும் ஓரம் அது. அங்கே கறுப்பு மையில் இரண்டு சாய்ந்த கோடும் ஒரு புள்ளியும் இருந்தன. ஊசியால் கீறியது போல மெல்லிய கோடு.

லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

அந்தக் கீறலை எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிற கீறல். எங்கள் பிரஸ்ஸில் பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடுகிற சிக்கந்தர் பாயின் கையெழுத்து அது. வேறு யாரோ போட்ட பிளேட்டில் வந்த தவறுக்கு ஒருமுறை அவர் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தான் போடும் ஒவ்வொரு பிளேட்டின் ஓரத்திலும் இரண்டு கோடும் ஒரு புள்ளியும் கீறி வைப்பார். வெட்டும்போது அது போய்விடும், அல்லது பசைக்குள் மறைந்துவிடும். வாங்குகிறவர்கள் யாரும் பார்க்க வழியில்லை.

மறுநாள் காலை கிழிந்த பெட்டியைக் கொண்டுபோய், மடிப்பை விரித்து அவர் முன்னால் வைத்தேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என் கீறல்தான் தங்கச்சி. டிசைன் பிலிமு வெளியவே ரெடி பண்ணி வந்திருச்சு. அந்த ஞாயித்துக்கெழம ஓட்டினது."

"ஏன் பாய் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கோயிலுக்குப் போயிருந்த. மக்யா நாளு திங்கக்கெழம வந்த, கவர வாங்கிக்கிட்ட. நீ கேக்கல, நான் சொல்லல." மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். "இத நீ எங்கன வாங்கின? எம்புட்டுக்கு?"

சொன்னேன். பாய் கையில் இருந்த பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதலாளியின் பீரோ

நேராக முதலாளி அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. கிழிந்த பெட்டியை அவர் மேசை மேல் போட்டேன். கடையில் நடந்தது, ஸ்டிக்கர், கீறல், கவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இந்தப் பெட்டியை நம்பித்தான் ஏமாந்தேன், அதுவும் நீங்கள் கொடுத்த கவரைப் போட்டு வாங்கி ஏமாந்தேன் என்றேன்.  அழுகை இல்லை, சுத்தமான ஆத்திரம்.

அவர் கடைசிவரை கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் அச்சு எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பது போலப் பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"பெட்டிதானம்மா நாம போட்டோம். உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது நம்ம வேலையா?"

 அம்மாவிடம் நான் சொன்ன அதே வார்த்தை. அவர் அதை எங்கே கேட்டார்? எங்கேயும் கேட்கவில்லை. எங்கள் ஊர் பிரஸ்ஸில் அது எல்லோர் வாயிலும் இருக்கிற வார்த்தை.

அவர் எழுந்து பின்னால் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். கலர் பார்ப்பதற்காக வந்த சாம்பிள்கள் அடுக்கியிருந்தன. அதிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதே ராட்சதன், அதே வாள்.

"இது ஒரிஜினல். உள்ள அட்டைத் தட்டு அளவு எடுக்கிறதுக்காக ஆர்டர் குடுத்தவன் கார்டோட வச்சுட்டுப் போனான். திரும்ப வந்து கேக்கல. எடுத்துட்டுப் போ."

நான் அசையவில்லை.

"எடுத்துக்க மெர்சி. ஒன் காசு போனது எனக்கும் வருத்தம்தான். இதோட விட்ருவோம், என்ன?"

'இதோட விட்ருவோம்' என்பதன் அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தப் பெட்டியை அவர் மேல் எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கு ஆசை. இருபது வருஷமாக மனசுக்குள் எத்தனையோ முறை எறிந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது அவர் நெற்றியில் சரியாகப் பட்டிருக்கிறது.

எடுத்துக்கொண்டேன். "தேங்க்ஸ்ண்ணாச்சி" என்றும் சொன்னேன்.

கதவுக்கு வெளியே வந்ததும் பழக்க தோஷத்தில் கையோடு கொண்டுவந்த கிழிந்த பெட்டியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். எங்களுடையதுதான் சுத்தமாக இருந்தது. ஒரிஜினலில் கறுப்பு ஒரு இழை விலகியிருந்தது.

அன்று சாயங்காலம் கார்டை மாட்டினேன். முக்கோணம் எதுவும் வரவில்லை. மலைப்பாதை வளைவில் கார் வழுக்கிக்கொண்டு திரும்பியது. என் தோள் சாயவில்லை. அம்மா டியூட்டி முடிந்து வந்து, காபியோடு பின்னால் நின்றாள்.

"கடைக்காரரு மாத்திக் குடுத்துட்டாரா?"

"குடுத்துட்டாரும்மா."

"பாத்தியா, நல்ல மனுசந்தான். நீதான் வீணாக் கோவப்பட்ட."

அந்த வார்த்தைக்குக்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. கடைக்காரர் மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு வருஷத்தில் ஆறிவிட்டது. முதலாளி மேல் இருந்தது அவர் இறந்தபோது போய்விட்டது. அந்தக் கார்டில் நாலு வருஷம் விளையாடியவள் மேல் இருக்கிற கோபம்தான் அப்படியே இருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை என் மேசை மேல் ஒரு பாட்டில் இருந்தது. குழந்தைகள் வயிற்றுவலி மருந்து. போன தடவை போட்ட லேபிள் தீர்ந்துவிட்டதாம், கம்பெனிக்காரர்கள் டிசைனை மாற்றியிருக்கிறார்களாம். புது லேபிளையும் அப்படியே எடுத்துவிடச் சொல்லி முதலாளி ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார். அறைக் கதவு திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் பாட்டிலைப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குள் முதல் புரூஃப் எடுத்தேன். பாட்டிலைப் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். என்னுடையதில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. குறைத்தேன்.